பெரியமரத்தில் வலது பக்கம்

எங்கள் குடியிருப்புக்கு யாரிடம் வழி கேட்டாலும் இல்லாததை வைத்துத்தான் சொல்வார்கள். மெயின் ரோட்டில் சங்கிலி கேட்டில் திரும்பு என்பார்கள். அங்கே சங்கிலியும் கிடையாது, கேட்டும் கிடையாது. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி நேரே வா என்பார்கள். தொட்டி இடிந்து, அதன் செங்கல் எல்லாம் யாருடைய ஆட்டுக் கொட்டகையிலோ சுவராக நிற்கிறது. அதற்கப்புறம் பாதை இரண்டாகப் பிரியும். அங்கே பெரியமரத்தில் வலது பக்கம் என்பார்கள். அந்த மரத்தை மின்சாரக் கம்பி இழுக்க வந்தவர்கள் வெட்டிச் சாய்த்தார்கள். அடிக்கட்டையை ஊர்க்காரர்களே தோண்டி எடுத்து அடுப்பெரித்துத் தீர்த்தார்கள். நான் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பே நடந்த கதை இது. ஆனால் அந்தக் கட்டையை எரித்த கைகளே இன்றைக்கும் நீண்டு, "அதோ, பெரியமரம்" என்று காட்டும்.

ஊர் என்று சொல்கிறேனே தவிர, ஊர் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. இரண்டு குன்றுகள் நெருங்கி நிற்கும் இடுக்கில் மேல்வரிசை, கீழ்வரிசை என்று எதிரெதிராக வீடுகள். நடுவில் மழை பெய்தால் மட்டும் ஓடுகிற ஓடை. சரித்திரமும் நீளமில்லை. ரயில் பாதைக்குச் சல்லி வேண்டும் என்று ஒரு காண்டிராக்டர் குன்றின் அந்தப் பக்கத்தைக் குடைந்தார். எங்கெங்கிருந்தோ ஆட்களைக் கூட்டிவந்தார். கல் உடைப்பவர்களுக்கு மேல்வரிசை, வண்டி ஓட்டுபவர்களுக்குக் கீழ்வரிசை. தோண்டிக்கொண்டே போனதில் ஒருநாள் குழியில் ஊற்று பீறிட்டது. இறைத்து இறைத்துப் பார்த்துவிட்டு, காண்டிராக்டர் இயந்திரங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஆட்களை ஏற்றிக்கொள்ள மறந்துவிட்டார். அப்படி மறந்துபோன ஆட்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இங்கே இருக்கிறவர்கள். அந்தக் காலத்தில் காலையில் பேர் கூப்பிட்டது பெரியமரத்தடியில். அடிபட்டவனைக் கிடத்தி லாரிக்குக் காத்திருந்தது பெரியமரத்தடியில். சண்டை, சமாதானம், பெண் பார்த்தது எல்லாமே அங்கேதான். அதனால் மரம் போன பிறகும் பேச்சில் அது போகவில்லை.

பாதை பிரியும் இடத்தில் வலது பக்கம் வந்தால் நாங்கள். இடது பக்கம் போனால் கல்குழி. போனில் வருகிற வரைபடத்தில் நாங்கள் இல்லை. கல்குழி மட்டும் நீலப் பொட்டாக இருக்கிறது. போனை நம்பி வந்தவர்கள் எல்லோரும் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் எங்களைப் பார்க்க வருவார்கள்.

நானும் அப்படித்தான் வந்தேன். கட்டில், பாத்திரம், சொந்தக்காரர்கள் எல்லாம் அடைத்துக்கொண்டு என்னைக் கொண்டுவிட வந்த வேன் கல்குழியின் விளிம்பில் போய் நின்றது. என் அப்பா இறங்கி, பச்சையாகக் கிடந்த தண்ணீரை எட்டிப் பார்த்தார். "இதுக்குள்ளயா உன்னைக் கட்டிக்குடுத்திருக்கேன்?" என்றார். முட்டி மோதித் திரும்பி வந்து சேர்ந்தபோது, வாசலில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் நாத்தனார் நின்றாள்.

"போன்ல அவ்வளவு தெளிவாச் சொன்னேனே! பெரியமரம்கூடவா கண்ணுக்குத் தெரியலை?"

எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பாவும் அசடு வழியச் சிரித்தார். அன்றைக்கே அவளை நான் மனத்தில் குறித்து வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் என் சமையலில் உப்பு குறைந்தாலும், கொடியில் துணி கோணலாகக் காய்ந்தாலும், "மரத்தையே பார்க்கத் தெரியாத வீட்டுப் பொண்ணுதானே" என்று ஒரு வார்த்தை வந்து விழும். என் கணவர் அக்காவையும் கண்டிக்க மாட்டார், என்னையும் அடக்க மாட்டார். சிமெண்ட் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

நாத்தனாரைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்லபடியாகச் சொல்ல முயல்கிறேன். மேல்வரிசையில் கடைசி வீடு அவளுடையது, அதற்கு முந்தின வீடு எங்களுடையது, நடுவில் ஒரே சுவர். அம்மா இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். ஒரு கொத்தனாரின் கையில் காலில் விழுந்து அவனைத் தொழிலுக்குச் சேர்த்துவிட்டவளும் அவள்தான். அவளைக் கட்டியவன் லாரி ஓட்டப் போனான், போனவன் போனவன்தான். அதைப் பற்றி யாராவது உச்சுக்கொட்டினால், "நல்லவேளை, லாரியை எடுத்துக்கிட்டுப் போனான், தையல் மெஷினை விட்டுட்டுப் போனான்" என்பாள்.

அந்த மெஷின்தான் அவள் பிழைப்பு. பள்ளிக்கூடச் சீருடை, பாவாடை, சட்டை, ஜன்னல் திரை, கிழிந்த சாக்கு வரைக்கும் தைப்பாள். மெஷினை ஒட்டி ஒரு ஜன்னல். ஊரிலேயே அந்த ஜன்னலில் மட்டும்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். இரண்டு குன்றுக்கும் நடுவே ஒரு சந்து வழியாக அது எப்படியோ நுழைந்து, சரியாக அவள் ஜன்னலுக்கு வந்துசேரும். அதனால் யார் போன் பேசுவதானாலும் அங்கேதான் வர வேண்டும். பிறந்த சேதி, இறந்த சேதி, கேஸ் சிலிண்டர், ஆட்டு வியாபாரி எல்லாம் அவள் காதைத் தாண்டித்தான் ஊருக்குள் வரும். பாதிப் பேர் போனை அவளிடமே நீட்டிவிடுவார்கள், "வழியை நீங்களே சொல்லிடுங்க" என்று. அவளும் ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டே, "சங்கிலி கேட், தொட்டி, பெரியமரத்துல வலது பக்கம்" என்று பாடம் மாதிரி ஒப்பிப்பாள். "இந்த ஊருக்கு வந்தவன் பாதிப் பேர் என் வாயைப் பிடிச்சுக்கிட்டு வந்தவன்" என்று அதில் அவளுக்குப் பெருமை வேறு.

ஊரார் வீட்டுக்கெல்லாம் சுவர் பூசிய என் கணவர், ஒருவழியாக எங்கள் வீட்டுப் பின்சுவரைப் பூச ஆரம்பித்த காலையில்தான் அது நடந்தது. நான் தண்ணீர் கொண்டுபோய் வைக்கும்போது பூச்சுக் கரண்டி அவர் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்தார். மறுபடியும் நழுவியது. கரண்டியை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார். அப்புறம் என்னிடம் ஏதோ சொன்னார், வார்த்தை குழறியது. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அப்படியே மணல் குவியலில் சரிந்தார்.

"அண்ணி!" என்று நான் போட்ட சத்தத்தில் மெஷின் நின்றது. அவள் ஓடிவந்து தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் திரும்பி ஜன்னலுக்கு ஓடினாள். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஆம்புலன்ஸ்காரரோடு அவள் பேசுவது கேட்டது. குரல் நடுங்கவே இல்லை. என்ன ஆச்சு, எந்தப் பக்கம் இழுத்திருக்கிறது என்று எல்லாம் தெளிவாகச் சொன்னாள். வழியையும் தெளிவாகச் சொன்னாள்.

காத்திருந்தோம். வாசலுக்கும் உள்ளுக்கும் அவள் நடந்த நடையில் செருப்பு வார் அறுந்தது. பூசிய சிமெண்ட் காய்ந்து நிறம் வெளுத்தது. அப்படியும் வண்டி வரவில்லை. கடைசியில் வண்டிச் சத்தம் கேட்டபோது, அது வர வேண்டிய பக்கத்திலிருந்து கேட்கவில்லை. கல்குழிப் பக்கத்திலிருந்து கேட்டது. அந்தச் சத்தத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாத்தனாரைப் பார்த்தேன். அவளுக்கும் விளங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்ல மனிதர். சுற்றி வளைக்காமல் சொன்னார். "உயிருக்குப் பயமில்லை. பேச்சு மெதுவா வந்துடும். வலது கைதான்... இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

வராந்தாவில் ஆம்புலன்ஸ் டிரைவர் என்னிடம் வந்து நின்றார். "மன்னிச்சுக்குங்கம்மா. மரம், மரம்னு சொன்னாங்க. நானும் ஒவ்வொரு மரமாப் பாத்துக்கிட்டே போனேன். எது பெரிய மரம்னு தெரியலை. குழிக்கிட்ட போனப்புறம் வண்டியைத் திருப்ப இடம் இல்லை, போன்லயும் சிக்னல் இல்லை." சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நாத்தனார் சற்றுத் தள்ளி, அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் ஊரே திரண்டு வந்து டிரைவரைக் கரித்துக்கொட்டியது. "பெரியமரம் தெரியாதவன் எல்லாம் எதுக்கு வண்டி ஓட்டுறான்?" என்றார் கீழ்வரிசைப் பால்காரர். "அங்க மரமே இல்லையே" என்றேன் நான். அவர்கள் வீட்டுப் பெரியவர்களை நான் இழிவாகப் பேசிவிட்ட மாதிரி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "மரம் இல்லாட்டி என்னம்மா, இடம் இருக்குல்ல?" என்று பால்காரர் எனக்கு எடுத்துச் சொன்னார். மரம் போன பிறகு பிறந்த அவர் மகளும் தலையை ஆட்டினாள். நாத்தனாரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல ஏதாவது இருக்கிறது என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. போனில் யார் பேசியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

அவள் ஜன்னலைச் சாத்தினாள். போன் பேச வந்தவர்கள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, முனகிக்கொண்டே குன்றின் மேல் ஏறிப்போய்ப் பேசினார்கள். பாதை பிரியும் இடத்தில் ஒரு கம்பை நட்டு, வெள்ளைத் துணி கட்டிவிட்டு வந்தாள். அவரைக்கொடிப் பந்தலுக்குக் கம்பு போதவில்லை என்று எவனோ அதைப் பிடுங்கிக்கொண்டு போனான். கேட்டதற்கு, "எல்லாருக்கும் தெரிஞ்ச இடத்துல கம்பு எதுக்குக்கா?" என்றானாம். இன்னொரு கம்பு நட அவளுக்குத் தெம்பு இருக்கவில்லை.

தம்பியின் சட்டைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போனாள். ஒவ்வொன்றிலும் பொத்தானைப் பிரித்து, உள்பக்கம் பர்ரென்று பிரிகிற ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்தாள். ஒற்றைக் கையால் போட்டுக் கழற்றலாம். பிரித்த பொத்தான்களை வெளிப்பக்கம் அழகுக்கு மறுபடி தைத்தாள், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியக்கூடாது என்று. அவர் சட்டையைக் கழற்றும்போது வருகிற அந்தப் பர்ர் சத்தம் சுவரைத் தாண்டிப் போகும். அந்தப் பக்கம் மெஷின் சட்டென்று நிற்கும்.

என்னோடு சண்டை போடுவதையும் விட்டுவிட்டாள். அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. நான் வேண்டுமென்றே துணியைக் கோணலாகக் காயப்போட்டேன். வாயைத் திறக்காமல் வந்து நேராக்கிவிட்டுப் போனாள். எங்கள் பாத்திரத்தை நான் பார்ப்பதற்கு முன் தேய்த்து வைத்தாள். கூலி இல்லாத வேலைக்காரி மாதிரி என் வீட்டு வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

ஒருநாள் தம்பியின் கட்டில் அருகே உட்கார்ந்து உடைந்துவிட்டாள். "என்னாலதான்டா உன் கை போச்சு."

அவர் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் பேசுகிற காலம் அது. "பெரியமரம்... சொன்னேல்ல?"

"சொன்னேன்."

"அப்புறம் என்னக்கா... சரியாத்தானே... சொல்லியிருக்கே."

அவள் முகத்தை நான் பார்த்தேன். அடித்திருந்தால்கூட அப்படி ஆகியிருக்காது. ஊரிலும் வீட்டிலும் அவள் செய்ததைத் தப்பு என்று சொல்ல ஓர் ஆள் இல்லை, என்னைத் தவிர. அந்த மரம் கண்ணில் நிற்காதவள் நான் ஒருத்திதான்.

அவளுக்கும் அது தெரிந்தது. மறுநாள் கடைசிச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் நின்றாள். "ஏதாவது கேளு. உன் வாய் சும்மா இருக்காதே. நல்லா நாலு வார்த்தை திட்டிடு."

எத்தனை வருடமாக நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள்! எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன. ஆனால் திட்டினால் அவளுக்கு ஆறிவிடும் என்று தெரிந்தது. அதனால் நிதானமாகச் சட்டையை மடித்தேன். "நான் என்னத்தைச் சொல்றது அண்ணி? உங்க ஊரு, உங்க மரம். மரத்தைப் பார்க்கத் தெரியாத வீட்டுப் பொண்ணு நான்" என்றேன்.

அது படவேண்டிய இடத்தில் பட்டது. அன்று முழுக்க எனக்கு உள்ளூரத் திருப்தியாக இருந்தது. மறுநாள் அவள் அடுப்பில் புகை வரவில்லை என்று பார்த்தபோது அந்தத் திருப்தி கசந்தது. ஆனாலும் போய் ஒரு வார்த்தை சொல்ல மனம் வரவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருக்கும்போது, கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கே வருவாள் என்று ஆஸ்பத்திரியில் ஏற்பாடு செய்தார்கள். மெயின் ரோட்டுக்கு வந்ததும் அவளுக்குப் போன் செய்து வழி சொல்ல வேண்டும். குன்றின் மேல் ஏறினால் இவரைத் தனியே விட்டுப்போக வேண்டும். வேறு வழியில்லாமல் நாத்தனாரின் கதவைத் தட்டினேன்.

"அண்ணி, ஜன்னலைத் திறங்க. ஒரு போன் பேசணும்."

திறந்துவிட்டு, மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரு திரைத்துணியின் ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். "வழியை நீங்க சொல்றீங்களா?" என்று நான் கேட்கவில்லை. அவளிடம் இனிமேல் யார் கேட்பார்கள், நானே தெளிவாகச் சொல்கிறேன் பார் என்றுதான் மனத்தில் ஓடியது.

"ஹலோ, வந்துட்டீங்களா? நேரா உள்ள வாங்க. ரோடு ரெண்டாப் பிரியும். பெரியமரத்துல வலது பக்கம் திரும்பினா—"

மெஷின் நின்றது.

"சரி சரி, மரத்துல வலது பக்கம். புரிஞ்சுது" என்று அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள். நான் திரும்ப அழைத்தேன். ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டாள் போல; மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். நாத்தனார் துணியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீயுமா?" என்றாள். அதில் கேலி ஒரு துளிகூட இல்லை. எஞ்சியிருந்த ஒரே சாட்சியும் செத்துப்போனது மாதிரி கேட்டாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். நான் ஒருநாள்கூடப் பார்த்திராத மரம். இலை எப்படி இருக்கும், காய் உண்டா என்றுகூட எனக்குத் தெரியாது. அது எப்போது எனக்குள் வந்து நின்றது? அன்றைக்கு அவரை அவள் மடியில் போட்டுவிட்டு நான் ஜன்னலுக்கு ஓடியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். இவரது கை அப்போதும் போயிருக்கும்.

"அழுதுக்கிட்டு உட்காராதீங்க, எழுந்திருங்க! அந்தப் பொண்ணு குழிக்குப் போகப்போகுது" என்று கத்தினேன். எதிர்வீட்டு அம்மாளை இவருக்குக் காவல் வைத்துவிட்டு இரண்டு பேரும் ஓடினோம். அவளுக்கு மூட்டு வலி. எனக்கு ஓடிப் பழக்கமில்லை. பாதை பிரியும் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. இடது பக்கம் மண்ணில் புதிதாக ஒரு டயர்த் தடம் மட்டும் போயிருந்தது.

அந்தத் தடத்தைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. அடக்கி வைத்திருந்தது எல்லாம் கொட்டியது. "எத்தனை பேரு இந்தக் குழிக்குப் போயிருக்காங்க, ஒருத்தருக்காவது புத்தி வந்துச்சா? என் அப்பாவை நிக்க வெச்சுச் சிரிச்சீங்களே, அன்னைக்காவது யோசிச்சிருக்கக் கூடாதா? இல்லாத மரத்தைச் சொல்லிச் சொல்லி, சுவரு பூசுற கையைச் சட்டைக்குள்ள தொங்கவிட்டுட்டீங்களே!"

"ம்" என்றாள் அவள். ஒவ்வொரு வார்த்தைக்கும் "ம்" என்றாள். தாகமெடுத்தவள் தண்ணீர் குடிப்பது போலக் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் அவளைத்தான் திட்டினேன். ஆனால் பாதியிலிருந்து யாரைத் திட்டுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மூச்சு முட்டி நிறுத்தியபோது அவள் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கல்குழிப் பக்கத்திலிருந்து ஸ்கூட்டர் திரும்பி வந்தது. அந்தப் பெண்ணின் முகம், உடை எல்லாம் வெள்ளைத் தூசி. வண்டியை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும், எங்களைச் சுற்றிக் கிடந்த வெட்டவெளியையும் பார்த்தாள். கோபத்தை அடக்கிக்கொண்டுதான் பேசினாள்.

"ஏங்க, இங்க எங்க இருக்கு மரம்? கொஞ்சம் தவறியிருந்தா தண்ணிக்குள்ள போயிருப்பேன். யாரு எனக்கு வழி சொன்னது?"

"நான்தாம்மா" என்று நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"அவங்க இல்ல, நான்தான்" என்றேன்.

"நீ சும்மா இரு. நான்தாம்மா சொன்னேன்."

"அண்ணி, போன் என் கையில இருந்துச்சு!"

"என் வாயிலிருந்துதானேடி நீ கத்துக்கிட்டே?"

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாரு சொன்னதா இருந்தா என்னங்க, நோயாளி எங்க இருக்காரு?" என்றாள்.

நாத்தனார் நொண்டிக்கொண்டே ஸ்கூட்டருக்கு முன்னால் போய் நின்றாள். "வழி எல்லாம் சொல்ல மாட்டேன், என் பின்னாடியே வா" என்று சொல்லி நடக்க ஆரம்பித்தாள்.